உப்புக்காட்டுச் சீர்

எங்கள் பக்கத்தில் ஒரு நிலத்துக்கு விலை சொல்ல வேண்டுமானால் முதலில் அதன் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை ஏக்கர், எல்லை எதுவரை என்பதெல்லாம் அப்புறம். கிணற்றில் தண்ணீர் இருந்தால் அந்த நிலத்தின் பெயர் தோட்டம். இல்லாவிட்டால் அதே மண்ணின் பெயர் காடு. தோட்டம் வைத்திருப்பவனுக்குப் பெண் கிடைக்கும், கடன் கிடைக்கும், கோயில் நோம்பியில் முன்வரிசையில் நிற்க இடம் கிடைக்கும். காடு வைத்திருப்பவனுக்கு மேகங்களைப் பற்றிய ஞானம் கிடைக்கும்.

என் அப்பா தோட்டக்காரர். அதைவிடப் பெரிய பட்டம் உலகத்தில் இருப்பதாக அவர் நம்பவில்லை. நான் கோயமுத்தூரில் பொருளாதாரம் படித்து ஒரு பட்டத்தை வாங்கி வந்து கொடுத்தபோது, அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கெணறு எங்க இருக்குது?" என்று கேட்டார். அப்போது சிரித்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு அந்தக் கேள்வியில் சிரிக்க ஒன்றும் தென்படவில்லை.

எங்கள் நிலம் திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் ரோட்டை ஒட்டி ஆரம்பித்து உள்ளே நீளமாகப் போகும். உள்ளே இருந்தது தோட்டம். கிணறு, பருத்தி, ஒரு ஓரத்தில் மஞ்சள், வீடு. ரோட்டோரமாக இருந்த பகுதிக்கு உப்புக்காடு என்று பெயர். கோடையில் அங்கே தரை வெள்ளை பூத்துக் கிடக்கும். எருக்கஞ்செடிகூட வேறு போக்கிடம் இல்லாத உறவுக்காரனைப்போல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். துணி வெளுக்கிறவர்கள் மட்டும் கழுதையோடு வந்து அந்த உவர்மண்ணைச் சுரண்டி எடுத்துப் போவார்கள். "நல்லா எடுத்துக்கிட்டுப் போங்க, பாரம் கொறையட்டும்" என்பார் அப்பா. அந்த மண்ணின் குணம் அறிந்து அதைத் தேடி வந்தவர்கள் எங்கள் ஊரில் அவர்கள்தாம். எங்களுக்கு அது வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கடக்க வேண்டிய ஒரு வெட்கக்கேடு.

பாகப்பிரிவினையின்போது அப்பாவும் பெரியப்பாவும் நிலத்தை ரோட்டிலிருந்து கடைசிவரை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்துக்கொண்டார்கள். நல்லதிலும் பாதி, கெட்டதிலும் பாதி. பாவத்தையும் சமமாகப் பங்கிட்ட நேர்மையான பாகப்பிரிவினை. பழைய கிணறு அப்பாவின் பங்குக்கு வந்தது. பெரியப்பா வேலிக்கு அந்தப்புறம், கூப்பிடு தூரத்துக்குள்ளேயே, புதிதாக ஒரு கிணறு வெட்டினார். கூப்பிடு தூரம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை.

ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. ஐம்பதுகளில் இரண்டு கிணற்றிலும் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். பெரியப்பா தன் காளையிடம், "ஏண்டா செவலை, அடுத்தவன் வரப்பக் கடிச்சுத் திங்கறயே, வெக்கமா இல்லியா உனக்கு?" என்று இந்தப்புறம் கேட்கும்படி சொல்வார். அப்பா தன் காளையிடம், "டே மயிலை, கொலைக்கற நாயையெல்லாம் திரும்பிப் பாக்காத. நீ உன்ற வேலயப் பாரு" என்பார். அந்தக் காளைகள் அளவுக்குக் குடும்ப விவகாரம் அறிந்த ஜீவன்கள் ஊரில் வேறு இல்லை. பிறகு கரண்டு வந்தது. இரண்டு பேரும் மோட்டார் வைத்தார்கள். காளைகளை விற்றார்கள். அதோடு அந்தப் பேச்சுவார்த்தையும் முறிந்துபோயிற்று.

மோட்டார் வந்த பிறகு இன்னொன்றும் தெரியவந்தது. பூமிக்குள் பாகப்பிரிவினை நடக்கவில்லை. அவர் மோட்டார் ஓடினால் எங்கள் கிணறு இறங்கும். எங்கள் மோட்டார் ஓடினால் அவர் கிணறு இறங்கும். ஆகவே இருவரும் எந்நேரமும் ஓட்டினார்கள்.

இந்த நிலையில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார்கள். அறுபதுகளின் நடுவில். முதலில் ஒரு இடத்திலிருந்து சித்திரை மாதத்தில் வந்தார்கள். நேராகக் கிணற்றுக்குப் போனார்கள். அடியில் சேறும் ஒரு தவளையும் இருந்தன. மோர் குடித்தார்கள், வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள், போனார்கள். அக்கா உள்ளே பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகு வேறு இடமும் அமையாமல், எங்கள் பேச்சில் சொன்னால் திகையாமல், இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அவள் வயதுப் பெண்கள் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தத் தவளையை மன்னிக்கவே இல்லை.

அதனால் வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வருகிறது என்று தெரிந்ததும் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். இந்த முறை கிணறு நிறைந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இது எல்லோரும் செய்கிற காரியம்தான். உறம்பரை, அதாவது விருந்தாளிகள், வருவதற்கு முன்னால் இறைப்பதை நிறுத்திக் கிணற்றை ஊறவிடுவார்கள். வருகிறவர்களுக்கும் இது தெரியும், அவர்களும் தங்கள் பெண்ணுக்கு இதையேதான் செய்திருப்பார்கள். தெரிந்தும் எட்டிப் பார்ப்பார்கள், தெரிந்தும் மெச்சுவார்கள். கல்யாணம் என்பதே அப்படித்தானே.

சிக்கல் இரண்டு. ஒன்று, பருத்தி. மொட்டு வைக்கிற பருவம். சப்பை என்போம். அப்போது தண்ணீர் காட்டாவிட்டால் சப்பை உதிரும், அந்த வருஷம் போயிற்று. இரண்டு, பெரியப்பா. நாங்கள் நிறுத்தினாலும் அவர் ஓட்டினால் ஊறுகிற தண்ணீரெல்லாம் அவர் பக்கம் போய்விடும்.

அப்பா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் பெரியப்பாவின் கிணற்று மேட்டுக்குப் போனார். பேச்சு எங்கேயாவது நின்றுபோனால் நான் இரும வேண்டும் என்று ஏற்பாடு. பெரியப்பா மோட்டாருக்கு எண்ணெய் விட்டு ஓடவிட்டுவிட்டு அறை வாசலில் குந்தியிருந்தார். அப்பா நின்றார். பழக்க தோஷத்தில் பக்கத்தில் காளை ஏதாவது இருக்கிறதா என்று அவர் கண் தேடியதை நான் பார்த்தேன்.

"அண்ணா" என்றார்.

பெரியப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஆரு?"

"நாந்தானுங்க. தம்பி."

"எனக்கொரு தம்பி இருந்தான். மயிலைக்காளை கிட்டப் பேசிக்கிட்டிருப்பான். அவனா?"

"புள்ளயப் பாக்க வாராங்க."

"வரட்டும். நானா வேண்டாங்கறேன்?"

"கெணத்தயும் பாப்பாங்க."

பெரியப்பா திரும்பி மோட்டார் சத்தத்தைக் கவனித்தார். ஏற்பாட்டின்படி இருமினேன். "பையனுக்குச் சளியா?" என்று கேட்டார்.

"ஒரு வாரத்துக்கு உங்க மோட்டார நிறுத்தி வெச்சீங்கன்னா…"

"எம்பட பருத்தி சப்பை புடிச்சு நிக்குது."

"எம்பட பருத்தியுந்தானுங்க நிக்குது."

பெரியப்பா கைத்துண்டால் எண்ணெயைத் துடைத்தார். மோட்டார் அறைக்குள் போனார். உள்ளே சத்தம் நின்றது. வெளியே வந்து அப்பாவின் உள்ளங்கையில் ப்யூஸை வைத்தார்.

"நீயே வெச்சுக்க. இல்லீன்னா நீ தூங்கறப்ப நான் ஓட்டிட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரிவே."

அந்த வாரம் முழுவதும் அப்பா ப்யூஸை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். கிணறு ஏறியது. ஒவ்வொரு நாளும் காலையில் எந்தப் படிக்கட்டு மூழ்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதைச் சொல்வதுபோலச் சொல்வார். வேலிக்கு இரண்டு பக்கமும் பருத்தி தலை தொங்கியது. சப்பை கொட்டியது.

அம்மா கணியூர்க்காரி. வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். எங்கள் கிணற்று விவசாயத்தை அவள் வாழ்நாள் முழுவதும் ஒரு வியாதி என்றே கருதினாள். "எங்கூர்ல தண்ணி அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். ஒறம்பரை வாராங்கன்னு மூஞ்சி கழுவிக்கிட்டு நிக்காது" என்றாள்.

அக்கா பருத்திக்குள் போய் உதிர்ந்த சப்பைகளைக் கையில் அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். "எனக்குப் பவுடர் வாங்கோணும்னு சொன்னீங்களே, வேண்டாமுங்க. கெணத்துக்கே பூசியாச்சு. அது போதும்" என்றாள். அந்தப் பருத்தியை விதைத்ததும் களை எடுத்ததும் பெரும்பாலும் அவள்தான்.

உறம்பரை வந்தார்கள். வாடகைக் காரில். மாப்பிள்ளையின் அப்பா ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கை கூப்புவார். கூட அவருடைய மைத்துனர் ஒருவர், டெரிலின் சட்டை, திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அப்பா முன்னே பாய்ந்து அவர்களைக் கிணற்றுக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். ஒரு சிறு கல்லை எடுத்துப் போட்டார். சத்தம் உடனே கேட்டது. "தங்கமான தண்ணிங்க" என்றார். அப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த ஒளியை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

பனியன் கம்பெனிக்காரர் கிணற்றுப் பக்கமே வரவில்லை. ஒதுங்குவதற்குப் போனவர் திரும்பாமல் உப்புக்காட்டில் ரோட்டை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டிருந்தார். அப்பாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. விருந்தாளி அடுக்களைக் குப்பையைப் பார்த்துவிட்டதுபோல. என்னை அனுப்பி அழைத்து வரச் சொன்னார். நான் போனபோது அவர் உப்புக்காட்டை ஒட்டிப் போகும் ஓடையின் கரையில் நின்றிருந்தார். "இந்தப் பள்ளம் எங்கீங்க தம்பி போகுது?" என்றார். நொய்யலுக்குப் போகிறது என்றேன். "அப்படீங்களா" என்றார். "இந்த மண்ணுல எதுனா வெளயுதுங்களா?"

நான் படித்தவன் அல்லவா. கடையான நிலத்துக்கு வாரமே, அதாவது குத்தகை வருமானமே, கிடையாது, அதன் மதிப்பு பூஜ்யம் என்று கோயமுத்தூரில் கற்றதை அவருக்கு நல்ல தமிழில் விளக்கினேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நினைத்தேன்.

சாப்பாடு ஆயிற்று. அக்கா வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். மாப்பிள்ளையின் அப்பா கை கூப்பினார்.

"புள்ள எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க மச்சான். நகை நட்டுன்னு நாங்க ஒண்ணும் கேக்கலீங்க. நீங்க ஆசப்பட்டதப் போடுங்க."

அப்பா காதில் விழுந்ததை நம்பாமல் அம்மாவைப் பார்த்தார்.

"ஒரே ஒரு சின்ன ஆசைங்க. பையன் பேருல ரோட்டோரமா ஒரு துண்டு நெலம். அந்தக் களரு கெடக்குதே, அது போதும்."

"அதுங்களா?" அப்பாவின் நேர்மை விழித்துக்கொண்டது. "அதுல ஒண்ணும் வெளயாதுங்க மச்சான். உள்ளுக்குள்ள தோட்டத்துல வேணா ஒரு பக்கம்…"

"ஐயோ வேண்டாமுங்க. தோட்டம் உங்க பொழப்பு. அதுல கை வெக்கறது பாவமுங்க."

அப்பாவின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதர்களை ஊறவைத்த கிணற்றைக் காட்டி ஏமாற்றிவிட்டோமே என்ற குற்ற உணர்வு. அந்த உணர்வில் அவர், ஒரு துண்டு என்ன, எங்கள் பங்கு உப்புக்காடு முழுவதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனிக்காரர் தலையைக் குனிந்து பாயசத்தைக் குடித்தார். டம்ளர் எப்போதோ காலியாகியிருந்தது.

அவர்கள் போன பிறகு அம்மா கேட்டாள். "உப்புக்காடு பூராவும் குடுத்துட்டா நம்ம வண்டி வாசி எந்த வழியில வந்து போறது? தடம் அதுக்குள்ள தானுங்க போகுது?"

"சம்பந்தி ஊட்டுக் காட்டுல நடந்து போறதுக்கு நமக்கு ஆரு தடை சொல்லுவாங்க?" என்றார் அப்பா.

மறுநாள் ப்யூஸைத் திருப்பிக் கொடுக்க அப்பா வேலியைச் சுற்றிப் போனார். இந்த முறை என்னை இருமுவதற்கு அழைக்கவில்லை, நானாகத்தான் போனேன். பெரியப்பா செத்த பருத்திக்கு நடுவில் நின்றிருந்தார்.

"என்னாச்சு?"

"திகைஞ்சிருச்சுங்க."

"எவ்வளவு நகை கேட்டாங்க?"

"நகை வேண்டாமாம். உப்புக்காடு வேணுமாம்."

"எதுக்கு? ஊறுகா போடறதுக்கா?"

அப்பாவுக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு பெரியப்பாவுக்கு. பிறகு இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பார்த்தவரையில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. "வெள்ளகோவில்காரனுக்கு மண்ணு தெரியாதுடா தம்பி" என்றார் பெரியப்பா. "எம்பட உப்புக்காடும் சும்மாதான் கெடக்குது, வேணுமான்னு கேட்டுப்பாரு." இரண்டு பருத்தியும் காய்ந்து நிற்க, நடுவில் இரண்டு விவசாயிகள், தங்களைவிட முட்டாள்களைக் கண்டுபிடித்துவிட்ட ஆனந்தத்தில், மறுபடியும் அண்ணன் தம்பி ஆனார்கள்.

பெரியப்பா சொன்ன வேடிக்கையை அப்பா கல்யாணப் பந்தலில் சம்பந்தியிடம் சொன்னார். அவர் சிரிக்கவில்லை, கை கூப்பினார். அடுத்த ஆடிக்குள் பெரியப்பாவின் உப்புக்காட்டையும் வாங்கிக்கொண்டார். நல்ல காட்டுக்குக் கொடுக்கிற விலையில் பாதிக்கு மேலேயே கொடுத்தார். களருக்கு அந்த விலை என்றால் கொள்ளை என்று பெரியப்பா கிடாய் வெட்டி விருந்து வைத்தார். ஊரில் ஒரு வருஷம் இதே பேச்சு. டீக்கடையில் அப்பாவையும் பெரியப்பாவையும் கண்டால், "வெறும் உப்ப வித்து ஊட்டுக்காரியம் பாத்தவங்க" என்று மரியாதையாக இடம் விடுவார்கள். அந்த மரியாதையை இருவரும் மோருக்கு உப்புப் போல அளவாகப் போட்டுச் சாப்பிட்டார்கள்.

சில வருஷங்கள் உப்புக்காடு அப்படியே கிடந்தது. பிறகு எழுபதுகள் பிறந்தன. திருப்பூரில் வீட்டுக்கு வீடு பனியன் நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நெய்த துணியை வெளுக்க வேண்டும். வெளுப்பதற்கு ரோட்டோரமாகப் பரந்த இடம் வேண்டும், துணி காயப் போட வெட்டவெளி வேண்டும், கழிவு ஓட ஒரு ஓடை வேண்டும். மண்ணில் எதுவும் விளைய வேண்டிய அவசியம் இல்லை. லாரியில் ஒரு துரப்பண இயந்திரம் வந்து உப்புக்காட்டில் நின்று பாறையைத் துளைத்தது. தொட்டிகள் கட்டினார்கள், கொட்டகை போட்டார்கள், சுவர் எழுப்பினார்கள். பங்குதாரர்கள் அக்காவின் வீட்டுக்காரரும் அந்த டெரிலின் சட்டைக்காரரும்.

முதல் நாள் துணி காயப் போட்டதை நான் தோட்டத்திலிருந்து பார்த்தேன். இரண்டு பங்கு உப்புக்காடும் சேர்ந்து, கோடிக்குக் கோடி, வெள்ளை வெளேரென்று. தூரத்திலிருந்து பார்த்தால் பருத்தி வெடித்து நிற்பதுபோல இருந்தது. அவ்வளவு நல்ல வெள்ளாமையை எங்கள் நிலத்தில் நாங்கள் கண்டதில்லை. அப்பாவும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏக்கர் விலையைப் பற்றி ஊரில் பேச்சு வந்தது. உப்புக்காட்டில் ஒரு ஏக்கர் விலைக்கு எங்களுடையதைப் போன்ற தோட்டங்கள் எத்தனை வாங்கலாம் என்று டீக்கடையில் வகுத்துப் பார்த்தார்கள். வகுத்துச் சொன்னவன் அப்பாவைக் கண்டதும் எழுந்து இடம் விட்டான். அப்பா அன்றைக்கு உட்காரவில்லை. அப்புறம் டீக்கடைக்கே போகவில்லை.

தண்ணீர் ஒரே நாளில் கெடவில்லை. அப்படிக் கெட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். முதலில் டீ திரிந்தது. அம்மா பாலைக் குற்றம் சொன்னாள். பிறகு சோறு மஞ்சளாக இறங்கியது. அரிசியைக் குற்றம் சொன்னாள். மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தபோதுதான் குற்றம் சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தது. பருத்தி இலைகள் ஓரம் கருகின. மஞ்சள் முளைக்கவில்லை. பெரியப்பா கிணற்றிலும் அப்படியே. பூமிக்குள் பாகப்பிரிவினை நடக்கவில்லை என்று முன்னாலேயே சொன்னேன்.

இரண்டு பேரும் மோட்டாரை நிறுத்தினார்கள். இந்த முறை ப்யூஸை யாரும் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பெரியப்பா தன் தோட்டத்தைச் சம்பந்தியிடமே விற்றுவிட்டு மகன் வீட்டுக்குத் திருப்பூர் போனார். போகும்போது அப்பாவிடம், "நம்மள மாதிரி ஆளு கெடைக்கறது கஷ்டம்டா அவங்களுக்கு" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் தடம் இப்போது வெளுப்புக் கொட்டகையின் கேட்டுக்குள் போயிற்று. கேட்டில் ஒரு காவல்காரர், தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனபோது மறித்தார்.

"யாரப் பாக்கணும் அண்ணாச்சி?"

"எம்பட தோட்டத்தப் பாக்கோணும்" என்றார் அப்பா.

"உள்ள தோட்டம் எதுவும் இல்லையே அண்ணாச்சி. சலவைதான் நடக்கு."

அப்பா அங்கேயே வெயிலில் நின்றார். காவல்காரர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து கேட்டைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் அப்பா ஊருக்குள் போவதையே குறைத்துக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு தைப்பொங்கல் நோம்பிக்கு அக்கா வந்திருந்தபோது அவள் மாமனாரும் கூட வந்தார். பனியன் கம்பெனிக்காரரும் வந்தார். எதற்கு வருகிறார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கொட்டகை பின்பக்கம் வளர வேண்டியிருந்தது. அப்பா அவர்களை வாங்க என்றார், உட்கார வைத்தார், பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களைக் கிணற்றுக்கு அழைத்துப் போனார். வந்தவர்களைக் கிணற்றுக்கு அழைத்துப் போவது அவருடைய கால்களுக்குப் பழகிப்போன விஷயம்.

கிணறு நிறைந்து நின்றது. இறைக்க யாருமில்லை. மேல்படிவரை தண்ணீர். இளம் பச்சையாக, அசையாமல், ஓரத்தில் நுரையோடு. மாப்பிள்ளையின் அப்பா எட்டிப் பார்த்தார். அதே பணிவு. இந்த முறை கல் எடுத்துப் போடவில்லை. கை கூப்பினார்.

"பேசி முடிச்சுக்கலாமுங்க மச்சான். இன்னும் எத்தன நாளைக்கு நீங்க இதுல கெடந்து கஷ்டப்படறது?"

"வெலை?" என்றார் அப்பா.

"நீங்களே நாயம் சொல்லுங்க. தடம் இல்ல. தண்ணி ஆகாது. தண்ணி ஆகலீன்னா அது காடு தானுங்களே. காட்டு வெலை போட்டுக்கலாம்."

எங்கள் பக்கத்து நியாயப்படி அதில் ஒரு வார்த்தைகூடத் தவறு கிடையாது. அப்பா தன் வாழ்நாளெல்லாம் எந்த அளவுகோலால் மற்றவர்களின் நிலத்தை அளந்தாரோ அதே அளவுகோலைச் சம்பந்தி கையில் எடுத்துக்கொண்டார். பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் அப்பா என்னைப் பார்த்தார். நான் இருமினேன். அந்த ஒன்றைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அப்பா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். கிணற்றில் போட்டார். சத்தம் உடனே கேட்டது.

"நெறஞ்ச கெணத்த வெச்சுக்கிட்டுக் காடுன்னு எப்படிங்க சொல்றது மச்சான்" என்றார். "இது தோட்டமுங்க. நான் குடுக்கறதா இல்ல."

மாப்பிள்ளையின் அப்பா வற்புறுத்தவில்லை. அவசரம் அவருக்கு இல்லை, அப்பாவின் வயது அவருக்குத் தெரியும். பனியன் கம்பெனிக்காரர் நடந்து வரப்பின் நீளத்தைக் காலால் அளந்துகொண்டிருந்தார்.

அக்கா எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். மாமனார் நகர்ந்ததும் கிணற்றுக் கட்டில் கை ஊன்றி, மேல்படியில் தளும்பிய தண்ணீரை நெடுநேரம் பார்த்தாள்.

"எத்தன தண்ணி" என்றாள். "இப்ப வரச் சொல்லுங்கப்பா, பொண்ணு பாக்க."

அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எந்தப் படி மூழ்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.